வெள்ளம் வடிந்த பிறகான உலகம்: இந்த வகை கேம்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

பேரழிவு முடிந்தபின் மிஞ்சிய உலகத்தில் சுற்றித் திரியும் கேம்களுக்குக் கடைப்பக்கத்தில் எல்லாம் ஒரே குறிச்சொற்கள்தான்: சர்வைவல் (உயிர்பிழைத்தல்), எக்ஸ்ப்ளோரேஷன் (சுற்றித் தேடுதல்), ஓப்பன் வேர்ல்டு (திறந்த உலகம்). இவற்றை நம்பி ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் தேர்வு தவறிப்போகும். மூழ்கிய நகரத்தை அமைதியாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர், பசியும் தாகமும் சுறாவும் மாறிமாறித் துரத்தும் கேமை வாங்கிவிட்டு அரைமணியில் மூடிவைப்பார். உயிர்பிழைக்கும் சவாலைத் தேடியவர் சாகவே முடியாத கேமை வாங்கிவிட்டுச் சலித்துப்போவார். இரண்டு கேமும் நல்லவைதான், ஒப்பிட்ட விதத்தில்தான் கோளாறு.

காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு வசதி உண்டு. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுவதும், வாய்க்கால் கரை உடைப்பெடுப்பதும், வடிந்தபின் வண்டல் நிற்பதும், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு குடம் கிடைக்காமல் அலைவதும் நமக்குத் தெரிந்த விஷயங்கள். அந்த அறிவையே அளவுகோலாக வைத்து, வெள்ள கேம்களையும் அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் மற்றவற்றையும் ஒப்பிடும் வழிதான் இங்கே.

வெள்ளம் காட்சியா, விதியா?

எந்த கேமை எடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். காட்சி என்றால், தண்ணீர் பின்னணியில் அழகாக நிற்கும், நீங்கள் எடுக்கும் முடிவை மாற்றாது. விதி என்றால், எங்கே போகலாம், எதைத் தூக்கலாம், எப்போது திரும்பலாம் என்பதையெல்லாம் தண்ணீரே தீர்மானிக்கும். இரண்டில் ஒன்று உயர்த்தி, மற்றது தாழ்த்தி என்று இல்லை. ஆனால் எது எந்த வகை என்று தெரியாமல் மதிப்பெண் போடக் கூடாது.

கண்டுபிடிக்க நான்கு சோதனைகள் போதும். படகை நடுநீரில் நிறுத்திவிட்டுக் கையெடுங்கள். அது நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் நீரோட்டம் இல்லை, தண்ணீர் வெறும் தரைதான். இழுத்துக்கொண்டு போனால் விதி தொடங்கிவிட்டது. அடுத்து, வந்த வழியே திரும்பிப் போகப் பாருங்கள். பிறகு தண்ணீரில் இறங்கி நனைந்து, உடல் குளிர்கிறதா, பைக்குள் இருக்கும் பொருள் கெடுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, அந்தத் தண்ணீரையே குடித்துப் பாருங்கள். குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது வெள்ளத்தைப் பற்றிய கேம் அல்ல, வெள்ளத்தின் நடுவே நடக்கும் கேம்.

நான்காவது சோதனைதான் முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டு கிடந்தன. ஜெனரேட்டர் கொண்டுவந்துதான் தண்ணீர் ஏற்றினார்கள். பேரிடருக்குப் பிறகு முதலில் அற்றுப்போவது குடிநீர். அதை ஒரு கேம் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தாலே, அதைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒப்பிட ஒரு அடிக்கல்: தி ஃபிளேம் இன் தி ஃப்ளட்

பத்து கேம்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றை அடிக்கல்லாக வைத்து, மற்றவை அதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். 2016-ல் வெளிவந்த தி ஃபிளேம் இன் தி ஃப்ளட் இதற்கு மிகப் பொருத்தம். வெள்ளம் புரட்டிப்போட்ட ஆற்றுப்படுகையில் ஒரு பெண்ணும் ஒரு நாயும் தெப்பத்தில் ஆற்றோடு இறங்கிப் போகிறார்கள். செய்தவர்கள் பாஸ்டன் நகரத்தின் ‘தி மொலாசஸ் ஃப்ளட்’ குழு. 1919-ல் அதே நகரத்தில் சர்க்கரைப்பாகுத் தொட்டி வெடித்துத் தெருக்களை மூழ்கடித்த விபத்தின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஆறு ஒரே திசையில்தான் ஓடும். ஒரு துறையைத் தாண்டிவிட்டால் எதிர்நீரில் ஏறித் திரும்ப முடியாது. ஓட்டம் இழுக்கும் வேகத்தில் இடது கரைத் துறையைப் பிடித்தால் வலது கரைத் துறை கைநழுவிப் போகும். ஆட்டத்தின் சுவையே இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. பசி, தாகம், உடல்சூடு, களைப்பு என நான்கு அளவுகள் குறைந்துகொண்டே வரும். நனைந்தால் உடல்சூடு சரியும். ஆறும் தீவுகளும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவதால் வழியை மனப்பாடம் செய்ய முடியாது.

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் பை விஷயத்தில். பொருள் வைக்க மூன்று இடங்கள் உண்டு: தோள்பை, நாயின் பை, தெப்பம். கண்ணில் பட்டதையெல்லாம் தோள்பையில் அடைத்துக்கொண்டு இறங்கினால், தேவையான பொருள் கிடைக்கும் தீவில் இடம் இருக்காது. ஒவ்வொரு துறையிலும் இறங்குவதற்கு முன் உடனே தேவைப்படாததைத் தெப்பத்துக்கு மாற்றுங்கள். அரிதாகக் கிடைப்பதை நாயின் பையில் வையுங்கள். நீங்கள் இறந்து புதிதாகத் தொடங்கும்போது நாயிடம் இருப்பது அடுத்த ஆட்டத்துக்கும் வந்துசேரும். கதைமுறையில் எளிய நிலைக்குச் செக்பாயிண்ட் (இறந்தால் மீண்டும் தொடங்கும் இடம்) உண்டு, கடின நிலைக்கு இல்லை. ஒப்பீட்டுக்காக ஆடுகிறவர்கள் எளிய நிலையிலேயே தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் கேமை அளப்பதற்குப் பதில் உங்கள் கைத்திறமையை அளந்துகொண்டிருப்பீர்கள்.

அடிக்கல்லோடு மற்றவற்றை வைத்துப் பார்த்தால்

சப்மெர்ஜ்ட், 2015: தண்ணீர் இங்கே முழுக்கக் காட்சி. மூழ்கிய நகரத்தில் மிக்கு என்ற பெண் காயம்பட்ட தம்பிக்காகப் படகில் போய், கட்டடங்களின்மேல் ஏறி மருந்தும் உணவும் எடுத்து வருகிறாள். சண்டை இல்லை, சாவும் இல்லை. தொலைநோக்கியால் தூரத்தில் பொருள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு போகலாம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை ஃபிளேமோடு ஒப்பிட்டு ‘சவால் இல்லை’ என்று குறை சொல்வது நியாயமில்லை. இதன் பலம் வேறு: நகரத்தைப் படிக்க வைக்கிறது. சமதரையான டெல்டாவில் தூரத்துக் கோபுரத்தை வைத்து எந்த ஊர் என்று சொல்லிவிடுவதைப் போல, தண்ணீருக்கு மேலே நிற்கும் கட்டடங்களின் உச்சியை வைத்தே இதில் திசை பிடிபடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். இதன் தொடர்ச்சியான ஹிடன் டெப்த்ஸும் அதே போக்கில் போகிறது.

ராஃப்ட், முழுப் பதிப்பு 2022: உலகமே கடலாகிவிட்டது. கொக்கி வீசி மிதக்கும் பலகைகளை இழுத்துத் தெப்பத்தைப் பெரிதாக்க வேண்டும். குடிநீர்ச் சோதனையில் நன்றாகத் தேறும் கேம் இது. உப்புத்தண்ணீரைக் கோப்பையில் மொண்டு, சுத்திகரிப்பானில் வைத்து, பலகையை எரித்தால்தான் குடிக்கக் கிடைக்கும். தெப்பம் கட்டும் அதே பலகைதான் எரிபொருளும் என்பதால் தொடக்கத்தில் ஒவ்வொரு பலகைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். ஓட்டமும் விதிதான். நங்கூரம் போடாமல் தீவில் இறங்கினால் திரும்பி வரும்போது தெப்பம் போயிருக்கும். தொடக்கத்தில் செய்யக் கிடைக்கும் வீசு நங்கூரம் ஒரு முறைக்குத்தான் உதவும், எனவே கையில் ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். சுறா தெப்பத்தின் வெளி விளிம்பைக் கடிக்கும்போது ஈட்டியால் குத்தி விரட்டாவிட்டால் அந்தத் துண்டும் அதன்மேல் இருப்பதும் போய்விடும். விளிம்பில் பெட்டி வைப்பதைத் தவிருங்கள். கதையை நகர்த்த ரிசீவர் (அடுத்துப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் கருவி), பேட்டரி, மூன்று ஆன்டெனா வேண்டும். பலருக்கு ரிசீவர் வேலை செய்யாததற்குக் காரணம், ஆன்டெனாக்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்திருப்பது. தள்ளி வைத்தால் சரியாகிவிடும். நண்பர்கள் சேர்ந்து ஆட இந்தப் பட்டியலில் ராஃப்ட்தான், வேறு போட்டியே இல்லை.

ஃபார்: சேஞ்சிங் டைட்ஸ், 2022: பக்கவாட்டில் நகரும் பயணம். ஒரு சிறுவன், ஒரு கப்பல். பாய் விரிப்பது, உலையில் எரிபொருள் போடுவது, வழி மறித்தால் இறங்கிப் போய் அடைப்பை நீக்குவது. வசனம் கிடையாது, பை நிர்வாகமும் கிடையாது. ஃபிளேமைப் போல ஒரே திசைப் பயணம்தான், ஆனால் ‘தாண்டிவிட்டோமே’ என்ற பதைப்பு இருக்காது. வேலை முடித்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவர்களுக்கு ஏற்றது.

தி லாங் டார்க், முழுப் பதிப்பு 2017: வெள்ளம் இல்லை, மின்சாரம் நின்றுபோன கனடாப் பனிக்காடு. ஆனாலும் ஒப்பீட்டில் இடம் உண்டு, ஏனென்றால் சுமையை இதைவிடக் கறாராகக் கணக்கிடும் கேம் குறைவு. சாதாரணமாகத் தூக்கக்கூடியது 30 கிலோ, அதற்கு மேல் போனால் நடை தளரும். பனியை உருக்கினால் மட்டும் போதாது, கொதிக்கவும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. பழைய பதிப்புகளில் சர்வைவல் முறையில் இறந்தால் சேவ் கோப்பே அழிந்துவிடும். திறந்த வரைபடமாதலால் வந்த வழியே திரும்பலாம், ஒரு வீட்டைக் கிடங்காக்கிக்கொள்ளலாம். ஃபிளேமில் இது முடியவே முடியாது. இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்பது இந்த ஒரு வேறுபாட்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்: ஓரிடத்தில் வேர்விட ஆசையா, போய்க்கொண்டே இருக்க ஆசையா?

டிசாஸ்டர் ரிப்போர்ட் 4: நிலநடுக்கம் தாக்கிய ஜப்பானிய நகரம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் மனிதர்களே இருக்க மாட்டார்கள். பேரிடர் என்றாலே ஆளில்லாத உலகம் என்று காட்டுவதுதான் இந்த வகையின் பெரிய குறை. நம் பக்கத்தில் புயலுக்குப் பிறகு நடப்பது நேர்மாறானது: பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் நிரம்பி வழியும், வரிசை நிற்கும், வதந்தி பரவும், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற சண்டை நடக்கும். அந்த உலகத்தைத் தொட்டுப் பார்ப்பது இந்த கேம்தான். கடைக்காரர், தங்குமிடத்தில் இருப்பவர்கள், பயந்துபோன வழிப்போக்கர் என எல்லோரிடமும் பேச வேண்டும், நல்லபடியாகவும் சுயநலமாகவும் பதில் சொல்லலாம். நில அதிர்வு வரும்போது குனிந்து நிலைகொள்ளாவிட்டால் விழுந்து அடிபடுவீர்கள். பசி, தாகம், கழிப்பறைத் தேவை என்றெல்லாம் அளவுகள் உண்டு, ஆனால் அவை அவ்வளவாக நெருக்குவதில்லை. காட்சித்தரம் பழையதாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அவசியம் ஆடிப் பாருங்கள்.

இன்ஃப்ரா, 2016: டெல்டாக்காரர்கள், அதிலும் பொதுப்பணித் துறை, மதகு, அணை விவகாரங்களில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாதது. நீங்கள் ஒரு கட்டமைப்பு ஆய்வாளர். அணை, பாலம், குடிநீர் நிலையம், சுரங்கம் என்று நடந்து, விரிசலையும் துருவையும் படம் எடுக்க வேண்டும். சில இடங்களில் பழுதை நீங்களே சரிசெய்யலாம். துப்பாக்கி கிடையாது. கேமராவுக்கும் டார்ச்சுக்கும் பேட்டரி தீரும், அதுதான் உங்கள் சுமைக்கணக்கு. பேரழிவுக்குப் பின் என்பதைவிட, பேரழிவு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று காட்டும் கேம் இது. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சோர்ஸ் எஞ்சின் என்ற பழைய கேம் மென்பொருளில் செய்தது என்பதால் சாதாரணக் கணினியிலும் ஓடும்.

முதுகில் சுமை தூக்கி நடந்து கொண்டுசேர்க்கும் டெத் ஸ்ட்ராண்டிங் பற்றி ஒன்று மட்டும். ஆற்றைக் கடக்கும் விதியை இவ்வளவு நுணுக்கமாகச் செய்த கேம் வேறு தெரியவில்லை. ஸ்கேன் செய்தால் ஆழம் நிறத்தில் தெரியும்: நீலம் என்றால் நடக்கலாம், மஞ்சள் என்றால் தெம்பு குறையும், சிவப்பு என்றால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், முதுகுச் சுமையும் சிதறும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஸ்டாக்கர், ஃபால்அவுட் வரிசைகளும் பேரழிவுக்குப் பிந்தையவைதான் என்றாலும் அவற்றில் துப்பாக்கிதான் முதல் மொழி. அவற்றை இந்த வரிசையில் சேர்த்து ஒப்பிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் கிடைக்காது.

இரண்டு மணி நேரத்துக்குள் சோதிப்பது

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெனுவில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் சேரும். அதனால் 1 மணி 40 நிமிடத்தில் முடிவெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 20 நிமிடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். அது பயிற்சிப் பகுதி, கைப்பிடித்து நடத்துவார்கள். அடுத்த 40 நிமிடம் கேம் சொல்கிறபடி ஆடி, எத்தனை முறை பையைத் திறந்தீர்கள் என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். உலகத்தைப் பார்த்த நேரத்தைவிடப் பையைப் பார்த்த நேரம் அதிகமாகப்பட்டால், அந்தக் கோடுகள் உங்கள் எரிச்சலுக்குச் சாட்சி. மூன்றாவது கட்டமாக 20 நிமிடம் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். சாப்பிடாமல் இருங்கள், நனையுங்கள், உயரத்திலிருந்து விழுங்கள். சாவு எவ்வளவு சீக்கிரம் வருகிறது, வந்தபின் எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளுகிறது என்று குறியுங்கள். கடைசி 20 நிமிடம் அம்புக்குறி காட்டும் திசைக்கு எதிராகப் போங்கள். முடிந்தால் செட்டிங்கில் அந்தக் குறியையே அணைத்துவிடுங்கள். போன இடத்தில் பார்க்க ஏதாவது இருந்தால் அது சுற்றித் திரியும் கேம். வெறும் சுவரும் காலி அறையும் என்றால் வரைபடத்தின் அளவைப் பற்றிய விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

எல்லா கேமுக்கும் இதே வரிசை, இதே நேரம். கூட்டல் மதிப்பெண் போட வேண்டாம். தண்ணீர், சுமை, திரும்பும் வழி, சாவின் விலை, மனிதர்கள் என்று ஐந்து தலைப்பின்கீழ் ஒவ்வொரு வரி எழுதினால் போதும்.

மின்வெட்டு, சூடு, டேட்டா

ஐப்பசி, கார்த்திகையில் ஒப்பீடு செய்பவர்கள் சேவ் முறையை முதலிலேயே பார்த்துவிடுங்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்யலாமா, தானாக நடக்குமா, எப்போது நடக்கிறது? தி லாங் டார்க்கில் நீங்கள் தூங்கும்போதும் கட்டடத்துக்குள் நுழையும்போதும் சேவ் ஆகும். வெளியே நீண்ட நடையில் கரண்ட் போனால் அந்த நடை முழுவதும் போச்சு. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்குச் சிறிய யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அந்த நிமிடங்கள் ஆடுவதற்கல்ல, சேவ் செய்து மூடுவதற்கு. கரண்ட் போனவுடன் இணையமும் போவதால் கிளவுட் சேவ் (இணையத்தில் வைக்கப்படும் சேவ் நகல்) மேலேறாமல் நிற்கும். மறுநாள் வேறு கணினியில் திறந்தால் எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்கும். அவசரத்தில் அழுத்தாமல் இரண்டின் தேதியையும் நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், தவறானதை அழுத்தினால் புதிய சேவ் அழிந்துவிடும்.

லேப்டாப்பில் சார்ஜர் கழன்றால் வேகம் குறைவது இயல்பு. ஒரு கேமைச் சார்ஜரோடும் இன்னொன்றை பேட்டரியிலும் ஓட்டிவிட்டு ‘இது திணறுகிறது’ என்று எழுதுவது பிழை. சித்திரை வெயிலில் இன்னொரு சிக்கல்: முதல் ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடும், சூடேறியபின் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் அரைமணி ஆடிய பிறகே வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ள கேம்களில் அறைக்குள் சோதித்துப் பயனில்லை, திறந்த நீர்ப்பரப்பில், மழை பெய்யும்போது சோதியுங்கள். நீரில் விழும் பிம்பத்தை வரைவதுதான் கிராபிக்ஸுக்குப் பெரிய சுமை. திணறினால் முதலில் நீர்த்தரம், பிம்பம், நிழல் மூன்றையும் குறையுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் திரையளவை 1280×720 ஆக்கி, ஃபிரேம் வரம்பை நொடிக்கு 30-ல் நிறுத்துங்கள். சூடும் தணியும்.

தினசரி வரம்புள்ள மொபைல் டேட்டாவில் பதிவிறக்குபவர்கள், நல்ல இணையம் உள்ள நண்பர் வீட்டில் இறக்கி, ஸ்டீமிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் பென்டிரைவில் எடுத்து வரலாம். உங்கள் கணக்கில் அந்த கேம் இருக்க வேண்டும், வீட்டில் மிச்ச அப்டேட் மட்டும் இறங்கும்.

யாரோடு ஆடப்போகிறீர்கள் என்று பாருங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கடற்கரையில் இருக்கும் ஒருவருக்கு வெள்ள கேமைப் பரிந்துரைக்கும்போது, அழிவு நடக்கும் தருணத்தையே காட்டுகிறதா, அழிவுக்குப் பிந்தைய அமைதியை மட்டும் காட்டுகிறதா என்று சொல்லிவிடுவது கடமை. ஜப்பானிலும் இந்தக் கேள்வி எழுந்தது. டிசாஸ்டர் ரிப்போர்ட் 4 வெளிவரவிருந்த நேரத்தில், 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியதால் அது கைவிடப்பட்டது. பின்னர் வேறொரு நிறுவனம் எடுத்துச் செய்து 2018-ல்தான் அங்கே வெளியானது. இந்தப் பட்டியலில் சப்மெர்ஜ்டும் ஃபார் கேமும் அழிவின் தருணத்தைக் கண்முன் நடத்திக் காட்டாதவை. டிசாஸ்டர் ரிப்போர்ட்டில் கட்டடங்கள் கண்ணெதிரே சரியும். ஃபிளேமில் பிணங்களைக் கடந்து போக வேண்டியிருக்கும், சிறுவர்களுக்கு அது ஏற்றதல்ல.

ஒப்பீட்டைத் தமிழில் எழுதிப் பகிர்பவர்கள் தலைப்புக்குக் கீழேயே மூன்று விஷயங்களைக் குறித்துவிடுங்கள்: கேமின் பதிப்பு எண், ஆடிய கடினநிலை, கணினியின் ரேமும் கிராபிக்ஸும். தி லாங் டார்க்கும் ராஃப்ட்டும் அப்டேட்டுக்கு அப்டேட் மாறி வந்தவை. பதிப்பு எண் இல்லாத ஒப்பீட்டைப் படித்துவிட்டு வாங்குபவர், நீங்கள் ஆடிய கேமைத்தான் வாங்குகிறாரா என்று அவருக்கே தெரியாது.